மார்பகக் கட்டிப் படங்களில் டீப் லேர்னிங்: நெல்லைச் சீமை மாணவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

நெல்லை, தென்காசிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி எதிலாவது இறுதியாண்டு புராஜெக்ட் பட்டியலை எடுத்துப் பாருங்கள். டீப் லேர்னிங் மூலம் மார்பகப் புற்றுநோயைக் கண்டறிதல் என்று ஒரு தலைப்பாவது கண்ணில் படும். டீப் லேர்னிங் என்பது நிறையப் படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கும் முறை; அப்படிப் பழகிய புரோகிராமை மாடல் என்பார்கள். முடிவுகள் பக்கத்தில் துல்லியம் 98, 99 என்று போட்டிருக்கும். வைவாவில் நல்ல மார்க்கும் விழும். அதே ரிப்போர்ட்டை ஒரு ரேடியாலஜிஸ்டிடம் (எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்லும் டாக்டர்) நீட்டினால், அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே வண்டி நின்றுவிடும்: "எத்தனை நோயாளி?"

"கிட்டத்தட்ட எட்டாயிரம் படம் சார்" என்று பதில் வரும். அவர் கேட்டது படத்தை அல்ல, ஆளை.

மாடலை ஓட்டுவது இன்றைக்கு ஒரு சாயங்கால வேலை. படம் யாருடையது, அதற்கு 'கேன்சர்' என்று பெயர் வைத்தது யார், எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று விசாரிப்பதற்குத்தான் நாள் பிடிக்கும். பைத்தான் கொஞ்சம் தெரிந்த கல்லூரி மாணவர்களையும், கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்க்க நினைக்கும் மருத்துவ மாணவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாங்குநேரிப் பக்கம் ஓர் அம்மாவுக்கு மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவார். அங்கிருந்து ஹைகிரவுண்டுக்கு எழுதிக் கொடுப்பார்கள். பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை முழுப் பெயர் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்? அங்கே டாக்டர் முதலில் கையால் பரிசோதிப்பார். பிறகு மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அல்லது அல்ட்ராசவுண்ட், அதாவது நம்மூர்ப் பேச்சில் ஸ்கேன். அப்புறம் ஊசி வைத்துச் செல் எடுப்பது, இல்லாவிட்டால் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவது. கைப் பரிசோதனை, படம், திசு மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். கடைசிச் சொல் மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடைப் பார்க்கும் பேத்தாலஜிஸ்டுடையது.

இந்த வரிசையில் உங்கள் மாடல் எங்கே உட்காரப் போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நோய் அறிகுறியே இல்லாத ஆயிரம் பேரின் மாமோகிராமைச் சலித்தெடுப்பது ஒரு வேலை. கட்டியோடு வந்தவரின் ஸ்கேன் படத்தைப் பார்த்து, பயாப்சி தேவையா என்று யோசனை சொல்வது வேறு வேலை. ஸ்லைடில் எந்த வகைப் புற்றுநோய் என்று பிரிப்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்து ஒரே தலைப்பில் போட்டுவிட்டு, உள்ளே ஸ்லைடு படங்களை மட்டும் வைத்து வேலை செய்திருக்கும் ரிப்போர்ட்டுகள் நிறைய உண்டு.

ரேடியாலஜிஸ்ட் எழுதும் ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வகுத்த அளவுகோல் அது, 0 முதல் 6 வரை. 0 என்றால் இந்தப் படம் போதாது, இன்னும் எடுக்க வேண்டும். 1, ஒன்றுமில்லை. 2, கட்டி இருக்கிறது, ஆனால் கெடுதலற்றது. 3, பெரும்பாலும் கெடுதலற்றது, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். இதில் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகாது. 4, சந்தேகம், பயாப்சி வேண்டும். 5, வாய்ப்பு 95 சதவீதத்துக்குக் குறையாது. 6, பயாப்சியில் ஏற்கெனவே உறுதியானது. மருத்துவர் தன் சந்தேகத்தை இத்தனை படியாகப் பிரித்து எழுதும்போது, உங்கள் மாடல் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொன்னால் அவருக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. எவ்வளவு சந்தேகம் என்கிற எண்ணையும் கொடுக்கப் பழக்குங்கள்.

இன்னொன்று. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். மாமோகிராமில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனால்தான் வயது குறைந்த பெண்களுக்கு ஸ்கேன் முக்கியமாகிறது. மேல்நாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்கு இந்த நோய் சராசரியாகப் பத்து வருஷம் முன்னாலேயே வருகிறது என்று மருத்துவர்கள் சொல்வதை இதோடு சேர்த்து யோசியுங்கள். பொதுவில் கிடைக்கும் மாமோகிராம் படங்களில் பெரும்பாலானவை நம் ஊர்ப் பெண்களுடையவை அல்ல.

இரண்டாம் படி: படங்களைத் தேர்ந்தெடுப்பது

இலவசமாகக் கிடைக்கும் தொகுப்புகளில் நாலைந்தைத் தெரிந்துவைத்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

ஸ்லைடு படங்களுக்கு பிரேக்ஹிஸ். பிரேசிலில் பரானா மாநிலத்து ஆய்வகம் ஒன்றில் எடுத்தவை, 2016-ல் வெளியானது. 82 நோயாளிகள், 7,909 படங்கள். 40, 100, 200, 400 மடங்கு என்று நான்கு உருப்பெருக்கங்கள். கெடுதலற்றவை 2,480, புற்றுநோய் 5,429. பேத்தாலஜிஸ்ட் சொன்னதே லேபிள் என்பதால் பெயர் வைத்தது யார் என்ற கேள்விக்கு இங்கே தெளிவான பதில் உண்டு.

ஸ்கேனுக்கு புசி. எகிப்தில் கெய்ரோ ஆஸ்பத்திரி ஒன்றில் 2018-ல் திரட்டியது. 25 முதல் 75 வயது வரையிலான 600 பெண்கள், 780 படங்கள்: 437 கெடுதலற்றவை, 210 புற்றுநோய், 133 கட்டியே இல்லாதவை. ஒவ்வொரு படத்துக்கும் கட்டியின் எல்லையை வரைந்த மாஸ்க் படம் ஒன்றும் அதே ஃபோல்டரில் இருக்கும். ஃபோல்டரை அப்படியே ஏற்றினால் கறுப்பு வெள்ளை மாஸ்க்குகளும் ஸ்கேன் படங்களோடு பயிற்சிக்குள் போய்விடும். கட்டி இல்லாதவரின் மாஸ்க் முழுக் கறுப்பு. மாடல் அதைக் கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொல்லும், துல்லியமும் ஏறும். ஏற்றியதும் மொத்தம் எத்தனை படம் என்று எண்ணுங்கள். 780-ஐத் தாண்டினால் எங்கோ தப்பு.

மாமோகிராமுக்கு சிபிஐஎஸ்-டிடிஎஸ்எம். பழைய ஃபிலிம்களை ஸ்கேன் செய்து உண்டாக்கிய அமெரிக்கத் தொகுப்பைச் சீர்செய்து 2017-ல் வெளியிட்டார்கள். 160 ஜிபிக்கு மேல் வரும். வியட்நாமின் வின்டிஆர்-மாமோ இன்னொன்று. 5,000 பரிசோதனைகள், 20,000 டிஜிட்டல் படங்கள். அதில் லேபிள் பயாப்சி முடிவல்ல, ரேடியாலஜிஸ்டுகள் கொடுத்த பைராட்ஸ் எண். அதை வைத்துப் பயிற்றுவித்தால் உங்கள் மாடல் கற்றுக்கொள்வது புற்றுநோயை அல்ல, டாக்டரின் சந்தேகத்தை. அது தப்பில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுத வேண்டும்.

என் யோசனை: பிரேக்ஹிஸில் தொடங்குங்கள். அளவு கைக்கு அடங்கும், நோயாளி எண் ஃபைல் பெயரிலேயே இருக்கிறது. அது பிடிபட்டதும் புசிக்குப் போங்கள், ஏனென்றால் நம் தாலுகாக்களில் மாமோகிராமைவிட ஸ்கேன்தான் எளிதில் கிடைக்கும். மாமோகிராம் கடைசியில்.

கம்ப்யூட்டரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப் போதும்; கனமான வேலையை கூகுள் கோலாப், கேகிள் போன்ற இணையத் தளங்களில் ஓட்டுங்கள். கேகிளில் போன் நம்பரை உறுதிசெய்தால் வாரத்துக்கு 30 மணி நேர அளவில் ஜிபியு (படக் கணக்கை வேகமாகப் போடும் சிப்) இலவசம். படத்தொகுப்பை வீட்டு நெட்டில் இறக்கித் திரும்ப ஏற்ற வேண்டாம், அங்கிருந்து அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மாடலைச் சேமித்துவையுங்கள். கோலாப் நடுவில் துண்டித்துக்கொள்ளும். நம்மூரில் கரண்டும் அப்படித்தான்.

மூன்றாம் படி: படத்துக்கு முன்னால் ஓர் அட்டவணை

நேரே படத்துக்குப் போகாமல் ஓர் அரை நாள் விஸ்கான்சின் மார்பகப் புற்றுநோய்த் தரவில் கையை நனையுங்கள். சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஊசி வைத்து எடுத்த செல்களின் உட்கருவை அளந்து உண்டாக்கிய 30 எண்கள், 569 வரிசைகள். 357 கெடுதலற்றவை, 212 புற்றுநோய். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற எளிய புள்ளியியல் முறையே இதில் நன்றாக வேலை செய்யும்.

இதில் ஒரு பொறி உண்டு. சைக்கிட்-லேர்ன் இந்தத் தரவில் புற்றுநோய்க்கு 0, கெடுதலற்றதுக்கு 1 என்று எண் கொடுத்திருக்கிறது. பெரும்பாலான அளவீட்டு ஃபங்ஷன்கள் 1-ஐத்தான் 'நோய் உள்ளது' என்று எடுத்துக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால், நீங்கள் பெருமையாக எழுதும் சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது என்ற எண்) உண்மையில் ஆரோக்கியமானவர்களை எவ்வளவு சரியாகச் சொன்னது என்பதாக இருக்கும். எந்தத் தரவை எடுத்தாலும் முதல் வேலையாக 0 யார், 1 யார் என்று அச்சிட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: ஆளைப் பிரியுங்கள், படத்தை அல்ல

இங்கேதான் 98 சதவீதம் பிறக்கிறது.

பிரேக்ஹிஸில் 7,909 படத்தை 82 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்குச் சராசரியாக 96 படம். ஒரே ஸ்லைடில் பக்கத்துப் பக்கத்து இடங்கள், அதே சாயம், அதே வெளிச்சம், அதையே நான்கு உருப்பெருக்கத்தில். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலைத்து 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு என்று வெட்டினால், ஏறக்குறைய ஒவ்வொரு நோயாளியும் இரண்டு பக்கமும் இருப்பார். மாடல் நோயைக் கற்க வேண்டியதே இல்லை. இந்த ஊதா நிறச் சாயல் அந்த ஸ்லைடுடையது, அந்த ஸ்லைடு புற்றுநோய் என்று ஆளை அடையாளம் கண்டாலே போதும். தேர்வுக்கு வரும் கேள்வித்தாளை முந்தின நாளே வீட்டுப்பாடமாகக் கொடுத்த மாதிரி.

சரிசெய்வது கஷ்டமில்லை. பிரேக்ஹிஸ் ஃபைல் பெயரைப் பிரித்துப் பாருங்கள். முதலில் பயாப்சி எடுத்த முறை, அடுத்து கெடுதலற்றதா புற்றுநோயா என்ற ஓர் எழுத்து, கட்டியின் வகை, வருஷம், ஸ்லைடு எண், உருப்பெருக்கம், கடைசியில் வரிசை எண். அந்த ஸ்லைடு எண்ணை நோயாளியின் அடையாளமாக எடுத்து அட்டவணையில் ஒரு புது நெடுவரிசையில் போடுங்கள். சைக்கிட்-லேர்னில் ஸ்ட்ராட்டிஃபைடு குரூப் கே-ஃபோல்டு என்று ஒன்று இருக்கிறது. அந்த நெடுவரிசையை அதற்குக் குழுவாகக் கொடுத்தால், ஒரு நோயாளி ஒரு பக்கம் மட்டுமே வருமாறு பிரித்துத் தரும். பிரித்த பிறகும் நம்பிவிடாமல், பயிற்சிப் பக்க நோயாளிகளையும் சோதனைப் பக்க நோயாளிகளையும் இரண்டு கணமாக எடுத்து வெட்டுக் கணம் வெற்றாக இருக்கிறதா என்று ஒரு வரி எழுதிச் சோதியுங்கள்.

இப்படிப் பிரித்ததும் எண் இறங்கும். இறங்கட்டும். கூடவே இன்னொரு உண்மையும் வெளியே வரும். 82 பேரில் கெடுதலற்ற கட்டி உள்ளவர்கள் 24 பேர்தான். ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றையும் முறைவைத்துச் சோதனைக்கு எடுத்தால், ஒவ்வொரு சோதனைப் பகுதியிலும் அப்படிப்பட்டவர்கள் நாலைந்து பேர். ஒருவர் தவறினால் கெடுதலற்றதைச் சரியாகச் சொல்லும் எண் 20 சதவீதமாவது சரியும். ஆகவே ஐந்து பகுதிகளின் முடிவையும் தனித்தனியாகப் போட்டு, சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் காட்டுங்கள். "91" என்று ஒற்றை எண்ணாகப் போடுவதைவிட "82-லிருந்து 96 வரை" என்று போடுவதை ஒரு மருத்துவர் அதிகம் நம்புவார்.

புசியில் வேறு சங்கடம். 600 பேருக்கு 780 படம் என்றால் சிலருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கிறது. எது யாருடையது என்ற விவரம் கூட வருவதில்லை. ஒரே படம் இரண்டு தடவை இருப்பதையும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். படங்களைச் சிறிதாக்கி ஹேஷ் (படத்தின் சுருக்க அடையாள எண்) எடுத்து, ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்து ஒரே குழுவாக்குங்கள். முழுத் தீர்வில்லை, ஆனால் செய்யாமல் விடக் கூடாது.

ஐந்தாம் படி: படத்தைச் சுருக்குவதில் உள்ள ஆபத்து

பயிற்சி வீடியோக்களில் எல்லாம் முதல் வேலை, படத்தை 224-க்கு 224 ஆக்குவது. பூனை, நாய்ப் படங்களுக்கு அது சரி.

ஸ்கேன் படத்தில் தோல் மேலே இருக்கும், ஆழம் கீழே. கட்டி அகலத்தைவிட உயரமாக நின்றால் அது சந்தேகத்துக்குரிய அடையாளம். படுத்தவாக்கில் நீள்வட்டமாக, ஓரம் வழுவழுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா போன்ற சாதாரணக் கட்டி. செவ்வகப் படத்தைச் சதுரத்துக்குள் நசுக்கும்போது படுத்திருக்கும் கட்டி எழுந்து நின்றுவிடும். டாக்டர் பார்க்கும் முக்கியமான அடையாளத்தை முதல் வரியிலேயே அழித்துவிட்டு மாடலைக் குறை சொல்லிப் பயனில்லை. நீள அகல விகிதத்தை மாற்றாமல் சுருக்கி, மீதி இடத்தைக் கறுப்பால் நிரப்புங்கள்.

படங்களைப் பெருக்கத் திருப்புவதிலும் இதே கவனம் வேண்டும். ஸ்கேன் படத்தை இடவலமாகத் திருப்பலாம். தலைகீழாகவோ 90 பாகையோ திருப்பக் கூடாது. நீர்க்கட்டிக்குக் கீழே ஒலி எளிதாகக் கடந்து பளிச்சென்று தெரியும். பல புற்றுநோய்க் கட்டிகளுக்குக் கீழே நிழல் விழும். தலைகீழாக்கினால் நிழல் ஆகாயத்தில் நிற்கும். ஸ்லைடு படத்துக்கு மேல் கீழ் கிடையாது, எப்படி வேண்டுமானாலும் திருப்புங்கள். அங்கே ஆபத்து நிறத்தில். ஹெமடாக்சிலின் சாயம் உட்கருவை ஊதாவாக்கும், இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். எவ்வளவு ஊதா, எவ்வளவு சிவப்பு என்பது லேபுக்கு லேப் மாறும். பயிற்சியின்போது நிறத்தைக் கொஞ்சம் ஆட்டிவிட்டால் மாடல் சாயத்தை மனப்பாடம் செய்வது குறையும்.

மாமோகிராமை ஏன் கடைசியில் வைக்கச் சொன்னேன் என்பதற்கும் இங்கேதான் பதில். டிஜிட்டல் மாமோகிராமில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர், படத்தின் உயரம் 3,000 பிக்சலுக்கு மேல். ஆரம்பநிலைப் புற்றுநோயின் தடயமாக வரக்கூடிய கால்சியத் துகள் 0.3 மில்லிமீட்டர் என்றால் அது படத்தில் நாலு பிக்சல். மொத்தப் படத்தையும் 224-க்குச் சுருக்கினால் பதினைந்து பிக்சல் ஒன்றாகிவிடும். துகள் காணாமல் போகும். சிறு சிறு துண்டுகளாக வெட்டிப் பயிற்றுவிக்க வேண்டும், அல்லது பெரிய அளவிலேயே ஓட்ட வேண்டும். அதற்கு ஜிபியு நினைவகம் அதிகம் வேண்டும்.

டைகாம் (மருத்துவப் படங்களைச் சேமிக்கும் வடிவம்) ஃபைலைத் திறக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். மோனோகுரோம்1 என்று குறித்திருந்தால் குறைந்த எண் வெள்ளை, மோனோகுரோம்2 என்றால் குறைந்த எண் கறுப்பு. ஒரே தொகுப்பில் இரண்டும் கலந்து வரலாம். திருப்பாமல் விட்டால் சில படங்கள் நெகட்டிவாக உள்ளே போகும்.

ஆறாம் படி: மாடல்

இது சின்னப் படி. பைடார்ச் என்ற பைத்தான் நூலகத்தில் ரெஸ்நெட்-18 என்ற தயார் மாடலை எடுங்கள். இமேஜ்நெட் என்ற பொதுத் தொகுப்பின் 12 லட்சத்துக்கு மேற்பட்ட சாதாரணப் படங்களில் பழகியது, ஒரு கோடிக்குச் சற்று மேலான அளவுருக்கள் (பழகும்போது மாறும் எண்கள்). கடைசி அடுக்கு 512 எண்களை வாங்கி 1,000 வகைகளாகப் பிரிக்கும். அதைக் கழற்றிவிட்டு 512-லிருந்து ஒரே எண் வருமாறு புது அடுக்கு மாட்டுங்கள். முதலில் மற்ற அடுக்குகளை உறைய வைத்து, அதாவது மாறாமல் பூட்டிவைத்து, புது அடுக்கை மட்டும் சில சுற்று பழக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் திறந்து, கற்றல் வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து ஓட்டுங்கள். புற்றுநோய், கெடுதலற்றது எண்ணிக்கை சமமாக இல்லாததால் இழப்புக் கணக்கில் (தவறுக்கு மாடலுக்குப் போடும் அபராதம்) குறைவாக உள்ள வகைக்குக் கூடுதல் எடை கொடுங்கள். பயிற்சிப் பக்க நோயாளிகளில் சிலரைச் சரிபார்ப்புப் பகுதியாகத் தனியே ஒதுக்கிவையுங்கள்; அதில் முன்னேற்றம் நின்றதும் நிறுத்துங்கள்.

எஃபிஷியன்ட்நெட், விஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்று வேறு மாடல்கள் மேல் ஆசை வரும். நாலு மாடலை ஒப்பிட்டு அட்டவணை போடுவதில் போகும் வாரத்தை நான்காம், ஐந்தாம் படிகளில் செலவழித்தால் கூடுதல் பலன். கட்டியின் எல்லையை வரைய வேண்டும் என்றால் மட்டும் 2015-ல் வந்த யு-நெட்டுக்குப் போங்கள். புசியின் மாஸ்க்குகள் அதற்குத்தான்.

ஏழாம் படி: எண்களைப் படிப்பது

ஒரு கணக்குப் போடுவோம். அறிகுறி இல்லாத 1,000 பெண்களைப் பரிசோதிக்கிறோம். அவர்களில் 5 பேருக்கு நோய் இருக்கிறது என்று வையுங்கள். எல்லோருக்கும் "ஒன்றுமில்லை" என்று சொல்லும் ஒரு வரி புரோகிராமின் துல்லியம் 99.5 சதவீதம். ஒருவரைக்கூடப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது நோய் உள்ளவர்களில் 80 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விடும் மாடலை எடுங்கள். முதல் எண் சென்சிட்டிவிட்டி, இரண்டாவது ஸ்பெசிஃபிசிட்டி. 5 பேரில் 4 பேரைப் பிடிக்கும், ஒருவரை விட்டுவிடும். மீதி 995 பேரில் ஏறக்குறைய 100 பேரை வீணாகக் கூப்பிடும். ஆக 104 பேருக்குச் சொல்லி அனுப்பினால் 4 பேருக்குத்தான் நோய். முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணுக்கு அந்த அழைப்பு ஒரு நாள் கூலி, பாளையங்கோட்டைக்குப் பஸ், முடிவு வரும்வரை தூக்கம் கெட்ட ராத்திரிகள். அந்த நூறு பேரையும் உங்கள் அட்டவணையில் ஒரு வரியாகப் போடுங்கள்.

எங்கே கோடு கிழிப்பது என்பதை, அதாவது எந்த எண்ணுக்கு மேல் 'சந்தேகம்' என்று சொல்வது என்பதை, சரிபார்ப்புப் பகுதியை வைத்து முடிவுசெய்துவிடுங்கள். சோதனைப் பகுதியைப் பார்த்துக் கோட்டை நகர்த்தினால் அது சோதனையே இல்லை. ஸ்லைடு படங்களில் படத்துக்கு ஒரு முடிவு சொல்வதோடு நிற்காமல், ஒரு நோயாளியின் எல்லாப் படங்களையும் சேர்த்து நோயாளிக்கு ஒரு முடிவாகவும் கணக்கிடுங்கள்.

உலகத்தில் இது எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று கேட்டால், சுவீடனில் நடந்த மசாய் ஆய்வைச் சொல்லலாம். 80,000 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கம்போல் இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் படம் பார்த்தார்கள். மறு பாதிக்கு ஏஐ முதலில் தரம் பிரித்துக் கொடுத்தது. 2023-ல் வந்த முதல் முடிவின்படி ஏஐ உள்ள பக்கம் ஆயிரத்துக்கு 6 பேர், மற்றப் பக்கம் 5 பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. இரண்டு பாதியிலும் முடிவைச் சொன்னவர் டாக்டர்.

நம் நாட்டுக் கதை வேறு மாதிரி. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 வருஷம் நடந்த ஆய்வில் ஏஐயும் இல்லை, மாமோகிராமும் இல்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 2021-ல் வெளியான முடிவில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் குறைந்திருந்தது. அதற்குக் குறைந்த வயதினரிடம் அப்படித் தெரியவில்லை. களக்காட்டுக்கும் ராதாபுரத்துக்கும் எது முதலில் தேவை என்று யோசிக்கும்போது இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: மாடல் எதைப் பார்க்கிறது?

கிராட்-கேம் என்று ஒரு முறை, படத்தின் எந்தப் பகுதியை வைத்து மாடல் முடிவெடுத்தது என்பதை வெப்ப வரைபடமாகக் காட்டும். ரெஸ்நெட்-18-ல் 224 அளவுப் படத்துக்கு அது உண்மையில் 7-க்கு 7 கட்டம்தான். இழுத்துப் பெரிதாக்கிப் போடுவதால் வழவழப்பாகத் தெரிகிறது. கட்டியின் ஓரத்தை அது துல்லியமாகக் காட்டுகிறது என்று எழுதிவிடாதீர்கள்.

அதன் பெரிய உபயோகம் திருட்டைப் பிடிப்பது. ஸ்கேன் எடுப்பவர், சந்தேகமான கட்டியின் இரண்டு முனையிலும் சின்னக் கூட்டல் குறி வைத்து அளப்பார். புசியின் சில படங்களில் அந்தக் குறிகளும் எழுத்துகளும் இன்னும் இருக்கின்றன. மாடல் கட்டியை விட்டுவிட்டுக் குறியைப் பார்த்துத் தேறிவிடலாம். சரியாகச் சொன்ன படங்களிலும் தவறிய படங்களிலும் கொஞ்சத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். மாடல் பார்த்த இடத்தைக் காட்டும் சிவப்பு நிறம் கட்டியில் விழாமல் குறியிலோ எழுத்திலோ விழுந்தால், அதை அழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

ஒன்பதாம் படி: நம்மூர்ப் படங்களில் சோதிக்க நினைத்தால்

பொதுத் தொகுப்பில் நன்றாக வந்ததும், உள்ளூர் ஆஸ்பத்திரிப் படங்களில் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். நல்ல ஆசை. ஆனால் தெரிந்த டெக்னீஷியன் அண்ணனிடம் பென்டிரைவ் கொடுத்து வாங்கி வரும் வேலை இது அல்ல.

முதலில் ஒரு மருத்துவரைப் பிடியுங்கள். காலை ஓ.பி. முடியும்வரை போய் நிற்காதீர்கள். மதியத்துக்கு மேல், துறைத் தலைவரின் கடிதத்தோடு போங்கள். "கேன்சர் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன் டாக்டர்" என்று ஆரம்பித்தால் அன்றோடு சரி. "உங்கள் வேலையில் எந்தப் படத்தில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது டாக்டர்?" என்று கேளுங்கள். பைராட்ஸ் 3-க்கும் 4-க்கும் நடுவில் ஊசலாடும் படங்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் உங்கள் புராஜெக்ட் தலைப்பு தானாகக் கிடைத்துவிடும்.

அவர் சம்மதித்தால் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவத்தில் ஏஐ பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்ட நெறிமுறைகளை அதற்கு முன் படித்துவிடுங்கள். பழைய படங்கள்தான், யாரையும் தொடப்போவதில்லை என்றாலும் அனுமதி வேண்டும். டைகாம் ஃபைலின் தலைப்பில் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண் எல்லாம் இருக்கும். அவற்றை நீக்கினால் போதாது. ஸ்கேன் படத்தின் மேல் மூலையில் பெயரும் தேதியும் படத்தோடு படமாக அச்சாகியிருக்கும். அந்தப் பட்டையை வெட்டியெடுக்க வேண்டும், அதுவும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரிலேயே. 2023-ம் வருஷத்து தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

செலவழித்து ஒரு பழைய ஸ்கேன் மெஷின் வாங்கி நாமே எடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ், பதிவுசெய்த இடங்களில்தான் அந்த மெஷின் இருக்கலாம். மார்பகத்துக்குத்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

படம் கைக்கு வந்ததும் பழைய மாடலை அப்படியே ஓட்டுங்கள், மறுபடி பழக்காமல். எண் சரியும். மெஷின் வேறு, எடுப்பவர் வேறு, கட்டியின் நிலையும் வேறு. எவ்வளவு சரிந்தது, எந்த வகையில் சரிந்தது என்பதே ஒரு நல்ல புராஜெக்ட்.

இதற்கிடையில் சொந்தக்காரர்கள்

நீங்கள் இந்த வேலை செய்கிறீர்கள் என்று ஊரில் தெரிந்ததும் வாட்ஸ்அப்பில் ஸ்கேன் ஃபிலிம் வரும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோவாக இருக்கும், கீழே ஒரு குரல் பதிவு: "ஏய்யா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்லுதியா?" போடாதீர்கள். ஃபிலிமைப் போனில் எடுத்த போட்டோ, உங்கள் மாடல் வாழ்க்கையில் பார்த்திராத வகைப் படம். அது சொல்லும் 'ஒன்றுமில்லை'யை நம்பி ஒருவர் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டால் கட்டி சும்மா இருக்காது. "பெரியம்மா, இது படிப்புக்குச் செய்யறது, வைத்தியத்துக்கு இல்ல. நாளைக்கே ஹைகிரவுண்டு போங்க, நானும் கூட வாரேன்" என்று சொல்லுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து நோய் கண்டறியும் சாஃப்ட்வேரும் நம் நாட்டில் மருத்துவக் கருவி விதிகளுக்குள் வந்துவிட்டது. நோயாளிக்கென்று அதைத் தயாரிக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும்.

பத்தாம் படி: ரிப்போர்ட்

முதல் பக்கத்திலேயே இவை இருக்கட்டும்: எத்தனை நோயாளி, எத்தனை படம், எந்த ஊர், எந்த மெஷின், லேபிள் பயாப்சியிலிருந்தா டாக்டரின் பார்வையிலிருந்தா, எப்படிப் பிரித்தீர்கள். அடுத்து சென்சிட்டிவிட்டியும் ஸ்பெசிஃபிசிட்டியும், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற இறக்கத்தோடு. துல்லியம் என்ற ஒற்றை எண்ணைக் கடைசியில் போடுங்கள், கைடு கேட்பார் என்பதற்காக. தவறிய படங்களில் நாலைந்தை ஒரு பக்கத்தில் ஒட்டி, மாடல் ஏன் தவறியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதைக் கீழே எழுதுங்கள். வைவாவில் அதிகம் பேச்சு நடக்கப்போவது அந்தப் பக்கத்தில்தான்.

எழுதிய புரோகிராமை கிட்ஹப் என்ற பொதுத் தளத்தில் போடலாம், போடுங்கள். நோயாளிகளைப் பிரித்த பட்டியலையும், பயன்படுத்திய ரேண்டம் விதை எண்ணையும் (அதே கலைப்பைத் திரும்பப் பெற உதவும் எண்) கூடச் சேர்த்தால் அடுத்த வருஷத்து ஜூனியர் அதே இடத்திலிருந்து தொடங்கலாம். ஆஸ்பத்திரி கொடுத்த படங்களை மட்டும் அதில் ஏற்றாதீர்கள். நோட்புக்குக்குள் முன்னோட்டமாகத் தெரியும் படங்களையும் அழித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.